ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்



பிள்ளைகளின் மேற்படிப்புப் பற்றி இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. மருத்துவமா பொறியியலா, கணக்கியலா சட்டமா என்ற அளவோடு அவை நின்றுவிடும். இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட கடிதம் அவ்வாறானதன்று.

எழுதியவர் ஒரு தகப்பனார். அவருடைய மகள் விஞ்ஞானப் பிரிவில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதி நல்ல பெறுபேறு பெற்றவள். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் அயலூர்க் குயவர் ஒருவரின் கொட்டிலுக்குச் சென்று, களிமண் பிசையவும் சக்கரம் சுழற்றவும் பழகியவள். அமெரிக்காவுக்குச் சென்று மட்பாண்டக் கலையையும் சுற்றாடற் கல்வியையும் ஒருங்கே பயில வேண்டுமென்பது அவள் விருப்பம். கனடாவில் வாழும் தாய்மாமன் செலவில் ஒரு பகுதியைத் தாம் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். மீதிக்கு வீட்டு வளவை ஈடு வைக்க வேண்டிவரும். ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்ற பழமொழியைத் தகப்பனார் மகளுக்கு எடுத்துக் கூறியிருக்கிறார். இரண்டில் ஒன்றைப் பிடி, மற்றதை விடு என்பது அவர் கட்சி. இரண்டும் ஒன்றே என்பது மகளின் கட்சி. தாயார் இருவருக்கும் நடுவில் நின்று வருந்துகிறார். எந்தக் கல்லூரி நல்லது என்று சொல்லி இவ்வழக்கைத் தீர்த்துவைக்கும்படி நம்மிடம் கேட்கிறார்கள்.

ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. அதற்கு முன்னர் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். இவ்விரு பாடங்களும் உண்மையில் இரு வேறு திசைகளா? இரண்டையும் ஒருங்கே கற்க இடந்தரும் கல்லூரிகள் எத்தன்மையன? வளவை ஈடு வைப்பதற்கு முன்னரே ஒரு கல்லூரியின் உண்மை நிலையை அறிவது எப்படி?

ஆறும் சேறும்

முதலாவது வினாவில் நாம் மகளின் பக்கமே நிற்கிறோம். சேறு எங்கிருந்து வருகின்றது? பாறைகள் மழையிலும் காற்றிலும் பல்லாயிரம் ஆண்டுகள் சிதைந்து களிமண் ஆகின்றன. அதனை நீர் அரித்துச் சென்று தாழ்நிலங்களில் படிய வைக்கின்றது. ஆற்றை அறியாதவன் சேற்றை முழுவதும் அறிந்தவன் ஆகான்.

நம் நாட்டில் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் வெண்களிமண் அகழப்படுகின்றது. களிமண் அகழும் இடம் எதுவாயினும், அகழ்ந்த குழியை மூடாது விட்டால் அதில் நீர் தேங்குகின்றது, நுளம்பு பெருகுகின்றது, பயிர் நிலம் குறைகின்றது. குழியிலிருந்து எடுத்த மண் சூளைக்குப் போகின்றது. சாதாரண மட்கலம் வேக ஏறக்குறைய 1,000 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பீங்கானுக்கோ 1,300 பாகை அளவில் வேண்டும். அவ்வெப்பத்தைத் தருவது விறகாயினும் எரிவாயுவாயினும் மின்சாரமாயினும், அதற்கு இயற்கையிடம் ஒரு விலை கொடுத்தே ஆகவேண்டும். பாத்திரத்தின் மேற்பூச்சில் ஈயம் கலந்திருந்து அது சரிவர வேகாது போனால், புளி சேர்ந்த உணவில் அந்த ஈயம் இறங்கி உண்பவரின் உடலில் சேரும். உலர்ந்த களிமண் தூசியிலுள்ள சிலிக்கா, ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவனின் நுரையீரலைக் கெடுக்கும். இவை யாவும் மட்பாண்டக் கலையைச் சேர்ந்த செய்திகளா, சுற்றாடற் கல்வியைச் சேர்ந்த செய்திகளா? இரண்டையும் சேர்ந்தவை என்பதே நேர்மையான விடை.

சுற்றாடற் கல்வி என்பது இளம் பாடம். அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரி 1965ஆம் ஆண்டிலேயே இதனைப் பட்டப் படிப்புக்குரிய பாடமாக ஏற்றது. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் முதலாவது புவி தினம் கொண்டாடப்பட்ட பின்னர் பல கல்லூரிகள் இதனைத் தொடங்கின. உயிரியல், இரசாயனம், புவியியல் ஆகியவற்றோடு பொருளியலும் சட்டமும் அரசியலும் இதனுள் அடங்கும். மரத்தையும் நீரையும் பற்றிப் படிப்பதோடு அது முடிவதில்லை. மனிதன் ஒரு பொருளைச் செய்யும்போது மண்ணுக்கும் நீருக்கும் பிறருக்கும் என்ன நேர்கின்றது என்று கணக்கெடுப்பதே அதன் உயிர்நாடி. அத்தகைய கணக்கை வெறும் ஏட்டில் படிப்பவளைவிட, ஒரு பொருளைத் தன் கையாற் செய்து பார்த்தவள் நன்றாக விளங்கிக்கொள்வாள்.

இரண்டு பாடங்களும் கைகோத்ததற்கு ஓர் உதாரணம் கூறுவோம். குவாத்தமாலா நாட்டின் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்னும் இரசாயன அறிஞர் 1981ஆம் ஆண்டில் நீர் வடிக்கும் மட்பானை ஒன்றை வகுத்தார். களிமண்ணோடு மரத்தூள் போன்ற எரியக்கூடிய பொருளைக் கலந்து பானை செய்வார்கள். சூளையில் அத்தூள் எரிந்துபோக, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் எஞ்சும். அதன்மேல் நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த நீரைப் பூசுவார்கள். இப்பானையில் ஊற்றிய நீர் மெல்லக் கசிந்து வடியும்போது, நோய்க் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை தடுக்கப்படுகின்றன. இன்று பல நாடுகளில் உள்ளூர்க் குயவர்களே இதனைச் செய்கிறார்கள். ஆனால் நீரில் கரைந்துள்ள உப்புகளையும் நைத்திரேற்றையும் இப்பானை நீக்காது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்றுத் தொல்லை உண்டென்பதை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. பானை செய்யத் தெரிந்தவர் இவ்வரம்பை அறியாதிருக்கலாம். நீரைச் சோதிக்கத் தெரிந்தவர் பானை செய்ய அறியாதிருக்கலாம். இரண்டும் அறிந்த ஒருத்திக்கு நம் நாட்டில் வேலை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

சொல்லாமற் சொன்ன தயக்கம்

தகப்பனாரின் கடிதத்தில் வெளிப்படையாக எழுதப்படாத ஒரு தயக்கமும் இருக்கின்றது. பல இலட்சம் செலவு செய்து, கடல் கடந்து போய், நம் பெண் பானை வனையவா கற்க வேண்டும் என்பதே அது. ஊரார் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் அதில் கலந்திருக்கின்றது. மட்கலம் வனைவோரைத் தாழ்வாக நோக்கும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. அப்பழக்கம் நியாயமானதன்று. பொம்பரிப்பிலும் கந்தரோடையிலும் வாழ்ந்த பழைய மக்களைப் பற்றி இன்று நாம் பேசுவதற்கு ஆதாரமாக இருப்பவற்றுள் அங்கே கிடைத்த கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள் முக்கியமானவை. அரசர்களின் பெயர் தெரியாத காலத்திலும் குயவனின் கைவேலை எஞ்சியிருக்கின்றது.

மேல்நாட்டிலும் இக்கலைக்கு உயர்ந்த இடம் கிடைத்தது அண்மைக் காலத்திலேதான். 1952ஆம் ஆண்டு ஒக்டோபரில், வட கரோலினா மாநிலத்தின் மலைப் பள்ளத்தாக்கொன்றில் இருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில், ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடா, ஆங்கிலேயக் குயவர் பேர்னாட் லீச், ஜப்பானிய அறிஞர் யனாகி, ஜேர்மனியில் பயின்ற மார்கரெட் வில்டன்ஹெயின் ஆகியோர் கூடி மாணவருக்குப் பாடம் நடத்தினார்கள். ஹமாடாவைப் பின்னர் ஜப்பானிய அரசு தேசத்தின் உயிருள்ள செல்வங்களுள் ஒருவராகப் போற்றியது. மகளின் சனிக்கிழமைகளுக்குத் தடை சொல்லாத தகப்பனார், அயலூர்க் குயவரை அவளுடைய முதல் ஆசிரியராக மதிப்பதற்கும் மனங்கொள்வாராயின், குடும்பத்தின் வழக்கு பாதி தீர்ந்துவிடும்.

கல்லூரிகள் மூன்று வகை

இனி இரண்டாவது வினா. நம் நாட்டில் உயர்தர வகுப்பிலேயே விஞ்ஞானம், கலை, வர்த்தகம், தொழில்நுட்பம் என்று பிள்ளைகள் பிரிந்துவிடுகிறார்கள். விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தவள் சித்திரத்தை விட்டுவிட வேண்டியதே. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் வழக்கம் வேறு. கலைமாணிப் பட்டத்துக்குச் சேரும் மாணவர், முதன்மைப் பாடம் இன்னதென்று இரண்டாம் ஆண்டின் முடிவில் அறிவித்தாற் போதும். இரண்டு முதன்மைப் பாடங்களை ஒருங்கே எடுக்கவும், ஒன்றை முதன்மையாகவும் மற்றொன்றைத் துணையாகவும் எடுக்கவும் வழியுண்டு.

ஆனால் நுண்கலைமாணி என்ற பட்டம் வேறு. அதில் நான்கு ஆண்டுப் படிப்பின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கலைப் பயிற்சிக்கே போய்விடும். எஞ்சிய பங்கில் மற்றொரு முழுப் பாடத்தைப் புகுத்துவது மிகக் கடினம். இவ்வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பம் செய்வதே மாணவர் பலருக்குப் பின்னர் வரும் துன்பங்களின் தொடக்கம்.

முதலாவது வகைக்கு உதாரணம் நியூயோர்க் மாநிலத்து அல்பிரட் பல்கலைக்கழகம். சிறியதொரு கிராமத்தில் 1836ஆம் ஆண்டில் தோன்றியது. 1900ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம் அங்கே களிமண் தொழிலுக்கென ஒரு பள்ளியை நிறுவியது. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரப் பீங்கான் ஆலையிலிருந்து வந்த சாள்ஸ் பேர்கஸ் பின்ஸ் அதன் முதல் தலைவராக இருந்து 1931 வரை நடத்தினார். இன்று அங்கே மட்பாண்டக் கலையும் மட்பாண்டப் பொறியியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு படிப்புகள் என்பதை விண்ணப்பிப்போர் மறக்கலாகாது. ‘செரமிக்ஸ்’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். மண்ணே முதல், மற்றவை பின் என்று கருதும் மாணவருக்கு இத்தகைய இடம் பொருத்தமானது.

இரண்டாவது வகைக்கு உதாரணம் ஒகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரி. 1833ஆம் ஆண்டில் தோன்றி, ஆண்களோடு பெண்களுக்கும் பட்டம் வழங்குவதில் அந்நாட்டுக்கு வழிகாட்டியாக நின்ற கல்லூரி அது. சுற்றாடற் கல்விக்கென 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு கட்டடம் எழுந்தது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறவும், கழிவு நீரைத் தாவரங்களின் துணையோடு தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தவும் அக்கட்டடம் அமைக்கப்பட்டது. கட்டடமே பாடநூலாக விளங்குகின்றது. மட்பாண்டத்துக்கோ, மாணவர்கள் தாமே கூடி நடத்தும் கூட்டுறவு வேலைக்கூடம் அங்கே பெயர் பெற்றது. சுற்றாடற் கல்வியில் பட்டம் பெற்று, களிமண்ணைக் கையிலிருந்து விடாமலும் இருக்க விரும்புவோருக்கு இவ்வகை ஏற்றது.

மூன்றாவது வகைக்கு உதாரணம் வட கரோலினாவின் வாரன் வில்சன் கல்லூரி. 1894ஆம் ஆண்டில் பண்ணைப் பள்ளியாகத் தொடங்கியது. மாணவர்கள் பாடம் படிப்பதோடு கல்லூரியின் பண்ணையிலும் தோட்டத்திலும் காட்டிலும் உழைப்பது அங்கே நெடுநாள் மரபு. சுற்றாடற் கல்வியில் அதற்குப் பெயருண்டு. கலைப் பாடங்களும் உள்ளன. 1952இல் ஹமாடாவும் லீச்சும் வந்த அதே பள்ளத்தாக்கிலேதான் இக்கல்லூரியும் இருக்கின்றது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹெலீன் புயல் அப்பள்ளத்தாக்கில் பெருவெள்ளத்தை உண்டாக்கியபோது கல்லூரியும் சேதமுற்றது. சுற்றாடலைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகள் அதன் சீற்றத்தையும் நேரிற் கண்டார்கள். கையால் உழைத்துக் கற்பதே கல்வி என்று எண்ணுவோருக்கு இவ்வகை உகந்தது.

இம்மூன்றும் வகைக்கு ஒவ்வோர் உதாரணமே. இவற்றுள் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்பது நம் கருத்தன்று.

எழுதிக் கேட்க வேண்டியவை

மூன்றாவது வினாவுக்கு வருவோம். கல்லூரிகள் அனுப்பும் அழகிய படங்கள் வேலைக்கூடத்தையும் சூளையையும் காட்டும். அவற்றைத் தொட யாருக்கு உரிமை என்பதைக் காட்டமாட்டா. ஆகவே மகள் ஒவ்வொரு கல்லூரிக்கும் பின்வருவனவற்றை எழுதிக் கேட்க வேண்டும்.

முதலாவது, கலையை முதன்மைப் பாடமாக எடுக்காத மாணவி நான்கு ஆண்டுகளும் சக்கரத்தையும் சூளையையும் பயன்படுத்தலாமா? சில இடங்களில் வகுப்பில் உள்ளவருக்கு மட்டுமே அனுமதி உண்டு.

இரண்டாவது, நேர அட்டவணை. களிமண் வகுப்பு ஒரே அமர்வில் மூன்று மணிநேரம் நீள்வது வழக்கம். விஞ்ஞானச் செய்முறை வகுப்பும் வெளிக்களப் பயிற்சியும் அவ்வாறே நீளும். இரண்டும் ஒரே பிற்பகலில் வந்தால், காகிதத்தில் இருக்கும் சுதந்திரம் நடைமுறையில் இல்லை. இரண்டையும் இணைத்துப் படித்த மாணவர் எவரேனும் அண்மையில் இருந்தார்களா என்றும் கேட்கலாம்.

மூன்றாவது, இறுதி ஆண்டு ஆய்வில் இரண்டு பாடங்களையும் இணைக்க ஆசிரியர்கள் இடந்தருவார்களா? ஒரு களிமண் குழியைப் பற்றியோ, நீர் வடிக்கும் பானையைப் பற்றியோ ஆராய்ந்தால் அதனை இரு பகுதியினரும் ஏற்பார்களா?

நான்காவது, மேற்பூச்சுக் கழிவையும் களிமண் தூசியையும் அங்கே என்ன செய்கிறார்கள்? இதற்குத் தெளிவான விடை தரும் வேலைக்கூடத்தில் சுற்றாடற் கல்வி முன்னரே நுழைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஐந்தாவது, பணம். வெளிநாட்டு மாணவருக்கு உதவி வழங்குகிறார்களா, அது நான்கு ஆண்டுகளுக்கும் நிலைக்குமா, படிப்புக் கட்டணத்தின் மேல் தங்குமிடம், உணவு, காப்புறுதி, களிமண், சூளைக் கட்டணம் எவ்வளவு என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். மாணவர் விசாவில் செல்வோர் கல்வித் தவணையின்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை வேலை செய்யலாம். அவ்வூதியம் கைச்செலவுக்கு உதவுமே அன்றி, கல்விக் கட்டணத்தைத் தீர்க்காது.

ஆறாவது, கல்லூரியின் நிலைபேறு. சிறிய கல்லூரிகளில் ஆசிரியரும் மாணவரும் நெருங்கிப் பழகலாம் என்பது உண்மை. அவை மூடப்படுவதும் உண்மை. பிளாக் மவுண்டன் கல்லூரி, அத்தனை புகழிருந்தும், 1957ஆம் ஆண்டில் மூடப்பட்டது. சுற்றாடற் கல்விக்குப் பெயர் பெற்றிருந்த வெர்மொண்டின் கிரீன் மவுண்டன் கல்லூரி 2019ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மாணவர் தொகை ஆண்டுக்காண்டு குறைகின்றதா என்று விசாரிப்பது மரியாதைக் குறைவன்று, பெற்றோரின் கடமை.

நமது முடிவு

தகப்பனாருக்கு நாம் சொல்வது இது. இரண்டில் ஒன்றை இப்பொழுதே விடச்சொல்லி மகளை நெருக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகள் சனிக்கிழமை தவறாமல் களிமண் பிசைந்தவளின் விருப்பம் விளையாட்டன்று. அதே வேளையில், அவளுடைய விருப்பம் ஒன்றை மட்டுமே நம்பி வளவை ஈடு வைக்கவும் வேண்டாம். ஆறு வினாக்களுக்கும் எழுத்தில் விடை வரட்டும். தாய்மாமனின் உதவியும் கல்லூரியின் உதவியும் சேர்ந்தும் பெருந்தொகை குறையுமாயின், அக்கல்லூரி எவ்வளவு புகழுடையதாயினும் அதனை விட்டுவிட வேண்டும். கடன்பட்ட குடும்பத்தின் கவலை, கடல் கடந்தும் பிள்ளையின் கையை நடுங்கச் செய்யும். நடுங்கும் கையால் சக்கரத்தில் பானை எழாது.

மகளுக்கும் ஒரு வார்த்தை. மட்பாண்டம் மட்டுமே சோறு போடும் என்று நம்பிச் செல்லாதே. மேல்நாட்டிலும் குயவர்களில் பலர் ஆசிரியத் தொழிலாலோ வேறொரு வேலையாலோதான் வாழ்கிறார்கள். ஆகவே நுண்கலைமாணியைவிடக் கலைமாணிப் பட்டத்தையே நாடு. சுற்றாடற் கல்வியை முதன்மைப் பாடமாகவும் மட்பாண்டத்தை அதற்கு இணையாகவோ துணையாகவோ வைத்துக்கொள். இரசாயனத்தைக் கைவிடாதே, மேற்பூச்சுக்கும் அதுவே அடிப்படை, நீர்ச் சோதனைக்கும் அதுவே அடிப்படை. கலையில் மேலும் ஆழ்ந்து செல்லும் ஆவல் பட்டத்தின் பின்னரும் குறையாதிருந்தால், அப்பொழுது அல்பிரட் போன்ற இடங்களின் கதவைத் தட்டலாம்.

இவ்வாறு நாம் சொல்வதற்குக் காரணத்தை நீயே அறிவாய். வேகாத பானை உடைந்தால் நீர் ஊற்றி ஊறவைத்து மீண்டும் களிமண் ஆக்கலாம். வெந்த பானையை அவ்வாறு செய்ய இயலாது. பதினெட்டு வயதில் ஒருவரின் வாழ்வைச் சூளையில் இட அவசரம் ஏன்? முதல் இரண்டு ஆண்டுகளும் உன்னைப் பச்சை மண்ணாக வைத்திருந்து, உருமாறவும் திருத்திக்கொள்ளவும் இடந்தரும் கல்லூரியே உனக்கு நல்ல கல்லூரி. அதன் பெயர் உலகறிந்ததாக இல்லாவிட்டாலும் குறைவில்லை.

தாயார் இனி நடுவில் நின்று வருந்த வேண்டியதில்லை. வினாக்களை மகள் எழுதட்டும். வரும் விடைகளைத் தகப்பனார் படிக்கட்டும். வரவு செலவுக் கணக்கைத் தாயார் பார்க்கட்டும். மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து எடுக்கும் முடிவு எதுவாயினும் அது நன்றாகவே அமையும்.